மத்தியதரைக் கடலோர நாடுகளில் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பெயின், இத்தாலி, கிரேக்கம், துருக்கி, துனிசியா ஆகிய நாடுகளில் வெவ்வேறு பருவங்களில் சுற்றிவந்த அனுபவத்தைக் கொண்டு, அங்கே போகத் திட்டமிடும் நண்பர்களும் உறவினர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். விசா விதிகளும் கட்டணங்களும் மாறக்கூடியவை என்பதால், பயணச்சீட்டு வாங்குவதற்கு முன் அந்தந்த நாட்டு அரசின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே பயணத்தில் எத்தனை நாடுகளைப் பார்க்கலாம்?

இரண்டு வாரங்கள் கையில் இருந்தால் ஒரு நாடு போதும்; மிஞ்சிப் போனால், கடல்வழியாக அடுத்தடுத்து இருக்கும் இரண்டு நாடுகள். பத்து நாட்களில் ஐந்து நாடுகள் என்று விற்கப்படும் சுற்றுலாக்களில் பெரும்பொழுது பேருந்திலும் விமான நிலையத்திலும் கழிகிறது. அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. இந்தக் கடற்கரை ஊர்கள் உயிர்ப்போடு இருக்கும் நேரங்கள் காலைச் சந்தையும் மாலைத் தெருவுமே. அவ்வகைப் பயணத்திட்டங்களில் அந்த இரண்டுக்கும் இடமே இருப்பதில்லை. நண்பகல் வெயிலில் இடிபாடுகளைச் சுற்றிவிட்டு, ஊர் மறுபடி விழித்தெழும் மாலை ஆறு மணிக்கு அடுத்த ஊருக்கான பேருந்தில் ஏறுகிறவர்கள் அந்த ஊரின் மனிதர்களைப் பார்க்காமலேயே திரும்புகிறார்கள்.

நான் பரிந்துரைக்கும் வழிகள் மூன்று. முதலாவது, ஸ்பெயினின் தென்பகுதியான ஆந்தலூசியா மட்டும்: செவில்லா, கோர்தோபா, கிரனாதா. இரண்டாவது, நேப்பிள்ஸிலிருந்து சிசிலித் தீவுக்குப் போய், அங்கிருந்து கப்பலில் துனிசியா. மூன்றாவது, ஏதென்ஸிலிருந்து ஈஜியன் தீவுகள் வழியாகத் துருக்கியின் மேற்குக் கரை. மூன்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் இரண்டாவதைச் சொல்வேன். 827இல் இன்றைய துனிசியாவிலிருந்து கடல் கடந்து வந்த அரபுப் படைதான் சிசிலியை வென்று ஆளத் தொடங்கியது. அவர்களுக்குப் பின் தீவைக் கைப்பற்றிய நார்மானிய மன்னர்களில் இரண்டாம் ரோஜர், பலேர்மோ அரண்மனைக்குள் கட்டிய சிற்றாலயத்தின் மரக்கூரையை இஸ்லாமியக் கலைமரபில் தேர்ந்த கைவினைஞர்களைக் கொண்டு செய்வித்தார். சுவரில் பைசாந்தியப் பொன் மொசைக்குகள், கூரையில் அரபு ஓவியங்கள், நடுவில் லத்தீன் வழிபாடு என்று ஒரே அறையில் கடலின் மூன்று கரைகளையும் பார்த்துவிட்டு, மறுநாள் கப்பலேறித் துனிசுக்குப் போகும்போது, நாடு மாறிவிட்டது என்ற உணர்வைவிட அதே ஊரின் இன்னொரு பக்கத்துக்கு வந்துவிட்டோம் என்ற உணர்வே மேலோங்குகிறது.

எந்த மாதங்களில் போவது நல்லது?

ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஜூன் தொடக்கம் வரையும், செப்டம்பர் நடுப்பகுதியிலிருந்து அக்டோபர் கடைசி வரையும். கடலில் குளிக்க விரும்புகிறவர்கள் இரண்டாவது பருவத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கோடை முழுக்கச் சூடேறிய கடல் நீர் அக்டோபரிலும் இதமாக இருக்கும்; ஏப்ரலில் வெயில் அடித்தாலும் நீர் குளிர்ந்தே கிடக்கும்.

நம் ஊர் வெயிலைப் பார்த்தவர்களுக்கு அந்த வெயில் என்ன செய்துவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. ஜூலை, ஆகஸ்டில் செவில்லாவிலும் கோர்தோபாவிலும் வெப்பம் 40 பாகையைத் தாண்டுவது வழக்கம். காற்றில் ஈரமில்லாததால் வியர்வை உடனே உலர்ந்துவிடுகிறது. உடலில் நீர் குறைவது தெரிவதற்குள் தலைசுற்றல் வந்துவிடுகிறது. கடும் வெப்ப அலை வீசும் நாட்களில் ஏதென்ஸின் குன்றின் மேல் இருக்கும் பழைய கோயில் தொகுதியான அக்ரோபொலிஸையே நண்பகலில் மூடிவிடுகிறார்கள். ஆகஸ்ட் 15ஆம் தேதி மாதா விண்ணேற்புத் திருநாள் இத்தாலி, கிரேக்கம், ஸ்பெயின் மூன்றிலும் விடுமுறை. அதையொட்டிய வாரங்களில் உள்ளூர் மக்களே கடற்கரைக்குக் கிளம்பிவிடுவதால் அறை வாடகை உச்சத்தில் இருக்கும். நகரங்களில் குடும்பங்கள் நடத்தும் நல்ல உணவகங்கள் பல மூடியிருக்கும்.

குளிர்காலத்தை முற்றிலும் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. நவம்பருக்குப் பின் கிரேக்கத் தீவுகளில் பெரும்பாலான விடுதிகள் மூடிக் கிடக்கும், கப்பல்களும் குறைந்துவிடும். ஆனால் ஆந்தலூசியா, சிசிலி, துனிசியா ஆகியவை மழைக்கு நடுவிலும் நல்ல வெயில் நாட்களைத் தரும். செவில்லாத் தெருக்களில் வரிசையாக நிற்கும் ஆரஞ்சு மரங்கள் காய்த்துத் தொங்குவதும் சிசிலியில் பாதாம் மரங்கள் பூப்பதும் அந்தப் பருவத்தில்தான்.

விசா எடுக்கும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்?

ஸ்பெயின், இத்தாலி, கிரேக்கம், பிரான்ஸ், மால்ட்டா, குரோவேசியா ஆகியவை ஷெங்கன் பகுதியில் (உள் எல்லைச் சோதனையின்றிப் பயணிக்க உடன்பட்ட ஐரோப்பிய நாடுகளின் கூட்டில்) இருப்பதால், இவை அனைத்துக்கும் ஒரே விசா போதும். அந்த விசாவில் எந்த 180 நாட்களை எடுத்துக்கொண்டாலும் 90 நாட்களுக்கு மேல் தங்கக் கூடாது. அதிக இரவுகள் தங்கப்போகும் நாட்டின் தூதரகத்துக்கே விண்ணப்பிக்க வேண்டும். இரவுகள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டுக்கு. இத்தாலியில் ஐந்து இரவும் கிரேக்கத்தில் ஒன்பது இரவும் திட்டமிட்டுவிட்டு, நேர்காணல் தேதி விரைவில் கிடைக்கிறது என்பதற்காக இத்தாலிக்கு விண்ணப்பிப்பது நிராகரிப்பை வலியப்போய் வாங்குவதாகும். பயணத்துக்கு ஆறு மாதங்கள் முன்பிருந்தே விண்ணப்பம் ஏற்கப்படும். கோடைக்கு முந்தைய மாதங்களில் நேர்காணல் தேதிகள் கிடைப்பதே கடினம் என்பதால், குறைந்தது மூன்று மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிட வேண்டும். பெரியவர்களுக்கு 90 யூரோ கட்டணமும், குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடும் கட்டாயம்.

துருக்கி ஷெங்கனில் இல்லை. செல்லுபடியாகும் ஷெங்கன் விசா வைத்திருக்கும் இந்தியர்கள் துருக்கிக்கு மின்விசா பெறலாம் என்பது பெரிய வசதி. இங்கேதான் பலரும் கவனிக்கத் தவறும் ஒன்று இருக்கிறது. கிரேக்கத்திலிருந்து துருக்கிக்குப் போய்விட்டு மீண்டும் ஐரோப்பாவுக்குள் வந்து ஊர் திரும்பும் திட்டம் என்றால், ஒருமுறை நுழைவு விசா உதவாது. பலமுறை நுழைவு விசா வேண்டும். அதைக் கேட்கும்போது பயணத்திட்டத்தில் துருக்கி செல்லும் நாட்களையும் கப்பல் முன்பதிவையும் தெளிவாகக் காட்டுங்கள். முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு ஷெங்கன் விசாக்களைப் பெற்று முறையாகப் பயன்படுத்திய இந்தியர்களுக்கு இரண்டாண்டுப் பலமுறை நுழைவு விசா வழங்கும் ஏற்பாடு 2024இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஆகவே பழைய கடவுச்சீட்டுகளையும் மறக்காமல் இணையுங்கள்.

2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் முத்திரைக்குப் பதிலாக விரல்ரேகையையும் முகப்படத்தையும் பதியும் முறை படிப்படியாக வந்திருப்பதால், எல்லையில் கூடுதல் நேரம் ஆகலாம். ஐரோப்பாவுக்குள் முதலில் இறங்கும் இடத்தில் இணைப்பு விமானத்துக்குப் போதிய இடைவெளி விட்டுச் சீட்டு எடுப்பது நல்லது.

ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு எப்படிப் போவது?

விமானம் மலிவாகக் கிடைத்தாலும், முடிந்த இடங்களிலெல்லாம் கப்பலையே எடுங்கள். இந்த நாடுகளுக்கு இடையே இருப்பது எவ்வளவு சிறிய கடல் என்பது தளத்தில் நின்று பார்த்தால்தான் புரியும். கிரேக்கத்தின் கியோஸ் தீவிலிருந்து துருக்கியின் செஷ்மேவுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. சாமோஸிலிருந்து குஷாதாசிக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து பழைய எபேசு நகரம் மிக அருகில். ஸ்பெயினின் தாரிஃபாவிலிருந்து மொரோக்கோவின் தாஞ்சியருக்கு ஒரு மணி நேரம். பலேர்மோவிலிருந்து துனிசுக்கு ஓர் இரவுப் பயணம்.

இவை எல்லாவற்றிலும் என் மனத்தில் நிற்பது இத்தாலிக்கும் சிசிலிக்கும் இடையே உள்ள மெஸ்ஸினா நீரிணையைக் கடப்பதுதான். ரோமிலிருந்து சிசிலிக்குப் போகும் நீண்டதூர ரயில் கரையோடு நின்றுவிடுவதில்லை. வில்லா சான் ஜொவான்னியில் பெட்டிகளைச் சில சில தொகுதிகளாகப் பிரித்து, தண்டவாளம் பதித்த கப்பலின் உட்பகுதிக்குள் மெதுவாகத் தள்ளுகிறார்கள். இரும்பு உரசும் ஓசை அடங்கி, சக்கரங்களைச் சங்கிலியால் பிணைத்த பின், பயணிகள் பெட்டியிலிருந்து இறங்கி, எண்ணெய் வாடை வீசும் குறுகிய படிகளில் ஏறி மேல்தளத்துக்கு வரலாம். மேலே உப்புக்காற்றும், இரண்டு பக்கமும் தெரியும் மலைகளும், சூடான அரிசி உருண்டை விற்கும் சிற்றுண்டிக் கடையும் காத்திருக்கும். கரை நெருங்கும்போது எல்லோரும் மீண்டும் கீழே இறங்கி அவரவர் இருக்கையில் அமர, ரயில் சிசிலி மண்ணில் உருளத் தொடங்கும். நீரிணைக்குக் குறுக்கே பாலம் கட்டும் திட்டம் பேசப்பட்டுவரும் இக்காலத்தில், வாய்ப்பிருக்கும்போதே இந்தப் பயணத்தை மேற்கொள்ளுங்கள்.

ஈஜியன் கடலில் ஜூலை, ஆகஸ்டில் மெல்டெமி என்னும் வடகாற்று வலுவாக வீசும். காற்று மிகுந்தால் கப்பல்கள் துறைமுகத்தை விட்டுக் கிளம்பத் தடை விதிக்கப்படும். ஆகவே ஊர் திரும்பும் விமானத்துக்கு ஒரு நாள் முன்பே தீவிலிருந்து ஏதென்ஸுக்கு வந்துவிடுங்கள்.

சைவ உணவு கிடைக்குமா? முட்டையும் சாப்பிடாதவர்கள் என்ன செய்வது?

நன்றாகக் கிடைக்கும். வடஐரோப்பாவைவிட இந்தக் கரையில்தான் சைவர்கள் வயிறாரச் சாப்பிட முடியும், ஏனெனில் பருப்பும் காய்கறியும் ஆலிவ் எண்ணெயும் இங்குள்ள எளிய மக்களின் பழைய உணவு. நாட்டுக்கு நாடு சிக்கல் மட்டும் வேறுபடுகிறது.

கிரேக்கத்தில் ஒரு சொல்லை மனப்பாடம் செய்துகொண்டால் போதும்: நிஸ்தீசிமோ, அதாவது நோன்பு உணவு. மரபுவழிக் கிறித்தவர்கள் ஆண்டில் பல மாதங்கள் இறைச்சி, பால், முட்டை மூன்றையும் விலக்கி நோன்பிருப்பதால், அதற்கென்றே ஒரு முழுச் சமையல் வளர்ந்திருக்கிறது. தக்காளிச் சாற்றில் வெந்த பெரிய வெள்ளை மொச்சை, அரிசியைப் பொதிந்து சுட்ட தக்காளியும் குடைமிளகாயும், திராட்சை இலையில் சுருட்டிய அரிசி, சாந்தோரினித் தீவின் மஞ்சள் பருப்பு மசியல் எல்லாம் இந்த வகை. பசலைக்கீரையும் அரிசியும் சேர்த்துக் குழைய வேகவைத்து எலுமிச்சை பிழிந்து தரும் ஸ்பனகோரிசோவைச் சோற்றுக்கு ஏங்குகிறவர்கள் கட்டாயம் கேட்டு வாங்க வேண்டும். ஓர் எச்சரிக்கை: கணவாய், இறால், சிப்பி ஆகியவற்றை நோன்புக் காலத்தில் உண்ணலாம் என்பது அவர்கள் வழக்கம், ஆகவே கடலுணவு வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

துருக்கியில் ஆலிவ் எண்ணெயில் சமைத்து ஆறவைத்துப் பரிமாறும் காய்கறிகளுக்கு ஸெய்தின்யாலே என்று பெயர். உணவகத்தின் கண்ணாடிப் பெட்டியில் வரிசையாக இருக்கும், விரலால் காட்டி வாங்கலாம். பருப்பு சூப் எங்கும் கிடைக்கும் என்றாலும், சில கடைகளில் எலும்பு வேகவைத்த நீரில் செய்வதால் கேட்டுக்கொள்ள வேண்டும். பிலாவ் சோற்றுக்கும் அதே கேள்வி பொருந்தும். அது வெண்ணெயில் மட்டும் செய்தது என்று உறுதியானால், கெட்டித் தயிரோடு பிசைந்து, நம் மோரைப் போன்ற அய்ரானுடன் சாப்பிடலாம். எந்த இந்திய உணவகத்தையும் தேட வேண்டியிருக்காது.

இத்தாலியில் சைவ உணவு எளிது. ஆனால் சீஸ் கடுமையான சைவர்களுக்குச் சிக்கலானது. பார்மெசான் போன்ற பாரம்பரியச் சீஸ்களைக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்த்தே செய்கிறார்கள். தக்காளி, பூண்டு, ஓரிகானோ மட்டும் போட்ட மரினாரா பீட்சாவில் சீஸே கிடையாது. சிசிலியில் கத்தரிக்காயும் தக்காளியும் சேர்ந்த நோர்மா பாஸ்தா, புளிப்பும் இனிப்புமான கப்பொனாத்தா ஆகியவற்றைத் தவறவிடாதீர்கள். பலேர்மோவின் பல்லாரோ சந்தையில் விற்கும் பனெல்லே தமிழ் நாக்குக்கு உடனே பிடித்துவிடும். கடலை மாவைத் தண்ணீரில் களியாகக் கிண்டி, மெல்லிய பலகைபோலப் பரப்பி ஆறவைத்து, துண்டு போட்டு எண்ணெயில் பொரிக்கிறார்கள். எள் தூவிய பன்னைப் பிளந்து நான்கைந்து துண்டுகளை உள்ளே அடுக்கி, உப்புத் தூவி, எலுமிச்சையைப் பிழிந்து, காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுப்பார்கள். ஓரம் மொறுமொறுப்பாகவும் உள்ளே மெத்தென்றும் இருக்கும். மீன் பொரித்த எண்ணெயா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டால் ஒளிக்காமல் சொல்கிறார்கள்.

ஸ்பெயினில்தான் அதிக விழிப்பு தேவை. உப்பிட்டு உலர்த்திய பன்றி இறைச்சியான ஹமோனைப் பலரும் சுவையூட்டும் பொருளாகவே கருதுவதால், இறைச்சி வேண்டாம் என்று சொன்ன பிறகும் கீரையின் மேலும் குளிர்ந்த தக்காளிச் சூப்பின் மேலும் அது தூவப்பட்டு வரும். கலவைச் சாலட் என்று எழுதியிருந்தால் அதில் சூரை மீன் இருக்கும். ஹமோன், மீன், முட்டை என்று தனித்தனியாகப் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். செவில்லாவின் கீரையும் கொண்டைக்கடலையும் சேர்ந்த மசியல், சீரகம் மணக்க, ரொட்டியோடு ஒரு முழு உணவாக இருக்கும்.

துனிசியாவில் காலை நேரத்தில் லப்லாபி கேளுங்கள். கிண்ணத்தில் பழைய ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, வெந்த கொண்டைக்கடலையையும் அதன் நீரையும் ஊற்றி, சீரகத்தூள், பூண்டு, எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய், காரமான ஹரிசா விழுது சேர்த்துத் தருவார்கள். முட்டையும் சூரை மீனும் வேண்டாம் என்பதை ஊற்றுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். காரத்துக்குத் தவித்துப்போன தமிழர்களுக்கு ஐரோப்பியக் கரையில் கிடைக்காத நிறைவு இங்கே கிடைக்கும்.

அங்கே பசிக்கும் நேரத்தில் கடைகள் மூடியிருப்பதாகச் சொல்கிறார்களே?

உண்மைதான். இந்தக் கேள்விக்கான விடையைத்தான் நான் எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கருதுகிறேன், ஏனென்றால் இந்த நாடுகளில் பயணம் இனிப்பதும் கசப்பதும் நம் பொழுதை அந்த ஊரின் பொழுதோடு பொருத்திக்கொள்வதில் இருக்கிறது. இத்தாலியில் மதிய உணவு பன்னிரண்டரை முதல் இரண்டரை வரை, இரவு உணவு ஏழரைக்குப் பின். ஸ்பெயினில் மதியம் இரண்டுக்கு மேல், இரவு ஒன்பதுக்கு மேல். இடைப்பட்ட நேரத்தில் பசியோடு அலைகிறவர்களுக்குச் சுற்றுலாப் பயணிகளுக்கென்றே திறந்திருக்கும், விலை கூடிய, சுவை குறைந்த கடைகளே வாய்க்கும். இத்தாலியத் தேவாலயங்களும் சிற்றூர்க் கடைகளும் நண்பகலில் மூடி மாலை நான்கு வாக்கில்தான் திறக்கும்.

ஆகவே காலை எட்டு மணிக்கே வெளியே கிளம்பி, பார்க்க வேண்டியதைப் பதினொன்றரைக்குள் பார்த்துவிடுங்கள். அந்த ஊர்க்காரர்களோடு அமர்ந்து நிதானமாகச் சாப்பிடுங்கள். அறைக்குத் திரும்பி ஒரு மணி நேரம் படுத்து எழுங்கள். ஆறு மணிக்கு மேல் தெருவுக்கு வந்தால், பாட்டிகள், கைக்குழந்தைகள், பள்ளிப் பிள்ளைகள், காதலர்கள் என்று ஊரே குளித்து உடுத்தி வெளியே உலாவிக்கொண்டிருக்கும். இத்தாலியில் பஸ்ஸெஜாட்டா, ஸ்பெயினில் பசேயோ, கிரேக்கத்தில் வோல்டா என்று பெயர்கள் வேறாக இருந்தாலும், வேலை ஏதுமின்றி ஒருவரையொருவர் பார்ப்பதற்காகவே நடக்கும் அந்த வழக்கம் ஒன்றே. அதில் கலந்துகொள்ளக் கட்டணமும் இல்லை, முன்பதிவும் இல்லை.

முன்பதிவு கட்டாயம் தேவைப்படும் இடங்கள் எவை?

கிரனாதாவில் முஸ்லிம் மன்னர்கள் கட்டிய கோட்டை அரண்மனையான அல்ஹம்ப்ரா முதலிடம். அங்கே நஸ்ரிய அரண்மனைகளுக்குள் நுழைவதற்குத் தனி நேரம் சீட்டில் அச்சிடப்பட்டிருக்கும். அந்த நேரத்தைத் தவறவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். கடவுச்சீட்டின் மூலப்படியும் கையில் இருக்க வேண்டும். பல வாரங்களுக்கு முன்பே சீட்டுகள் தீர்ந்துவிடுவதால், விசா வந்த அன்றே வாங்கிவிடுங்கள். ரோமின் கொலோசியம், வாத்திக்கான் அருங்காட்சியகங்கள், பார்சலோனாவின் சக்ராதா ஃபமிலியா தேவாலயம், ஏதென்ஸின் அக்ரோபொலிஸ் ஆகியவற்றுக்கும் நேரம் குறித்த சீட்டுகளே. எரிமலை வெடிப்பில் புதைந்த பழைய நகரமான பொம்பேயில் 2024 நவம்பர் முதல் ஒரு நாளைக்கு 20,000 பேருக்குமேல் அனுமதிப்பதில்லை. மால்ட்டாவுக்குப் போகிறவர்கள், நிலத்தடியில் குடையப்பட்ட ஹல் சஃப்லியேனி கல்லறைத் தொகுதியை மிகச் சிறிய குழுக்களாகவே காட்டுவார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சீட்டுகளை அதிகாரபூர்வத் தளத்தில் மட்டும் வாங்குங்கள். தேடுபொறியில் முதலில் வருபவை பெரும்பாலும் இடைத்தரகர்களின் தளங்கள்.

கோர்தோபாவின் பெரிய பள்ளிவாசல்-தேவாலயம் மட்டும் இந்த நெருக்கடிக்கு ஒரு மாற்று தருகிறது. ஞாயிறு தவிர மற்ற நாட்களில் காலை எட்டரை முதல் ஒன்பதரை வரை தனியாக வருகிறவர்களைக் கட்டணமின்றி உள்ளே விடும் வழக்கம் இருந்துவருகிறது. எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி நான்கு கட்டங்களில் கட்டப்பட்ட அந்தக் கட்டடத்தில் எண்ணூறுக்கும் மேற்பட்ட தூண்கள். பழைய பகுதியில் நிற்பவை ரோமானியர், விசிகோத்தியர் கட்டடங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. ஒவ்வொன்றும் வெவ்வேறு கல், வெவ்வேறு உயரம். சில தூண்கள் வழவழப்பானவை, சில முறுக்கிச் செதுக்கப்பட்டவை. குட்டையான தூண்களின் மேல் இரண்டடுக்கு வளைவுகளை எழுப்பிக் கூரையை உயர்த்திய அந்தப் பெயர் தெரியாத சிற்பியின் அறிவை, கூட்டம் வருவதற்கு முன் ஒரு தூணில் கை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்க்கும்போதுதான் உணர முடிகிறது.

வழிபாட்டு இடங்களில் என்ன உடுத்த வேண்டும்?

தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும் என்பது வாத்திக்கானிலும் இத்தாலியத் தேவாலயங்களிலும் கிரேக்க மடங்களிலும் ஆண், பெண் இருபாலருக்கும் பொது. பள்ளிவாசல்களில் பெண்கள் தலையை மூடிக்கொள்ள வேண்டும். சுடிதார் துப்பட்டா இங்கே மிகவும் கைகொடுக்கும். தொழுகை நேரங்களில் பார்வையாளர்களை அனுமதிப்பதில்லை என்பதால் வெள்ளி நண்பகலைத் தவிர்த்துவிடுங்கள். 537இல் தேவாலயமாகக் கட்டி முடிக்கப்பட்டு, பின்னர் பள்ளிவாசலாகவும் அருங்காட்சியகமாகவும் இருந்த இஸ்தான்புல்லின் ஹாகியா சோபியா 2020இலிருந்து மீண்டும் தொழுகையிடமாக இருக்கிறது. வெளிநாட்டுப் பயணிகள் தனி வாயில் வழியாகக் கட்டணம் செலுத்தி மேல்மாடத்துக்குப் போகலாம்.

வயதான பெற்றோரை அழைத்துப் போகலாமா?

தாராளமாக, ஆனால் இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய நகரங்களின் தெருக்கள் உருண்டைக் கற்கள் பதித்தவை. கிரேக்கத்தின் பளிங்குப் பாதைகள் லட்சக்கணக்கான கால்கள் பட்டு வழுக்கும் பதத்துக்கு வந்துவிட்டவை. செருப்பைத் தவிர்த்து, அடிப்பாகம் பிடிமானமுள்ள காலணியை அணியச் செய்யுங்கள். சாந்தோரினியும் அமல்ஃபிக் கரையும் படிகளால் ஆனவை. வெனிஸில் ஒவ்வொரு பாலமும் ஏறி இறங்க வேண்டியது. முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் செவில்லா சமதளமாக இருப்பதால் ஏற்றது. அக்ரோபொலிஸில் நடக்க இயலாதவர்களுக்கு மின்தூக்கி உண்டு. அறை முன்பதிவு செய்யும்போது மின்தூக்கி இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். பழைய கட்டடங்களில் நான்காம் மாடி வரை படியேற வேண்டியிருக்கலாம்.

திருட்டு பயம் எந்த அளவுக்கு உண்மை?

வன்முறைக் குற்றங்கள் அரிது, பிக்பாக்கெட் உண்மை. பார்சலோனாவின் மெட்ரோவும் லா ராம்ப்லா வீதியும், ரோம் டெர்மினி ரயில் நிலையமும், ஏதென்ஸின் மெட்ரோவும் பெயர் பெற்ற இடங்கள். கதவு மூடும் நொடியில் நெருக்குவார்கள். சட்டையில் ஏதோ கறை பட்டிருக்கிறது என்று துடைக்க வருவார்கள். கையில் கயிறு கட்டிவிட்டுக் காசு கேட்பார்கள். இஸ்தான்புல்லில் காலணி துடைப்பவர் ஒருவர் நம் முன்னால் தூரிகையைத் தவறவிட்டதுபோல நடந்துபோவதும் அந்த வகையே; எடுத்துக் கொடுத்தால், நன்றிக்கு என்று நம் காலணியைத் துடைத்துவிட்டுக் காசு கேட்பார். கடவுச்சீட்டையும் பெருந்தொகையையும் உடலோடு ஒட்டிய பையில் வைத்து, கைபேசியை உணவக மேசை மேல் வைக்காமல் இருந்தால் பெரும்பாலான ஆபத்து நீங்கிவிடும். நகைகளை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

பணத்தை எப்படிக் கொண்டுபோவது?

ஐரோப்பிய நாடுகளில் அட்டை எங்கும் செல்லும். சந்தைக்கும் சிற்றூருக்கும் சிறிது யூரோ ரொக்கம் போதும். அட்டை இயந்திரம் ரூபாயில் கழிக்கவா என்று கேட்டால் மறுத்து, அந்நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். ரூபாயைத் தேர்ந்தெடுத்தால் மாற்று விகிதத்தில் இழப்பு உங்களுக்குத்தான். துனிசிய தினாரை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகத் தடை இருப்பதால், அளவாக மாற்றிச் செலவழித்துவிட வேண்டும். இத்தாலிய உணவகங்களில் ஆளுக்கு ஓரிரு யூரோ இருக்கைக் கட்டணம் சேர்ப்பது ஏமாற்று அல்ல, வழக்கம். காப்பியை உட்கார்ந்து குடிப்பதைவிட நின்று குடித்தால் விலை குறைவு. பல இத்தாலிய நகரங்களில் விடுதி வாடகைக்கு மேல் நகர வரியைத் தனியாகக் கட்ட வேண்டும்.

குடிநீர், கழிப்பறை?

ரோம், ஏதென்ஸ், மத்ரித் ஆகியவற்றில் குழாய் நீரையே குடிக்கலாம்; ரோமின் தெருமுனைகளில் இரவும் பகலும் ஓடும் இரும்புக் குழாய்களில் புட்டியை நிரப்பிக்கொள்ளலாம். கிரேக்கத் தீவுகள் பலவற்றிலும் இஸ்தான்புல்லிலும் புட்டி நீரே நல்லது. துருக்கிக் கழிப்பறைகளில் கழுவ நீர் வசதி உண்டு. கிரேக்கத்தில் காகிதத்தைப் பீங்கானுக்குள் போடாமல் அருகிலுள்ள கூடையில் போட வேண்டும், ஏனெனில் அங்கே குழாய்கள் குறுகியவை.

தமிழர்களுக்குத் தொடர்புள்ள இடங்கள் ஏதாவது உண்டா?

உண்டு. இலங்கைப் போர்க்காலத்தில் குடியேறிய தமிழர்கள் பலேர்மோவில் கணிசமாக வாழ்கிறார்கள். அந்த நகரின் காவல் புனிதை சாந்தா ரோசாலியா; 1624இன் கொள்ளைநோயிலிருந்து ஊரைக் காத்தவர் என்பது நம்பிக்கை. நகருக்கு மேலே பெல்லெக்ரினோ மலையின் குகைக்குள் அவருடைய திருத்தலம் இருக்கிறது. குகைக் கூரையிலிருந்து கசியும் நீரை வளைந்து நெளிந்து ஓடும் உலோகத் தகடுகளால் ஏந்தி ஒரு பக்கமாகச் சேர்க்கிறார்கள். அங்கே மெழுகுவத்தி ஏற்றி நிற்கும் சிசிலியரோடு, சிவனை வழிபடும் மரபில் வந்த தமிழ்க் குடும்பங்களும் மலையேறி வந்து வேண்டிக்கொள்கின்றன. மலை, குகை, நீர், காக்கும் பெண் தெய்வம் என்று அனைத்தும் நமக்குப் பழக்கமானவையாக இருப்பதால், அவர்களுக்கு அது அந்நியக் கோயிலாகத் தோன்றாததில் வியப்பில்லை. பலேர்மோவுக்குப் போகும் தமிழர்கள் அந்த மலைக்கு ஒரு காலைப்பொழுதை ஒதுக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.

நேப்பிள்ஸ் தொல்பொருள் அருங்காட்சியகத்தில், பொம்பேய் இடிபாடுகளில் 1938இல் கண்டெடுக்கப்பட்ட இந்தியத் தந்தச் சிற்பம் ஒன்று இருக்கிறது. கி.பி. 79இல் வெசுவியஸ் வெடிப்பதற்கு முன்பே அது அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் கிடைத்த மத்தியதரைக் கடல் நாட்டுச் சாடிகளின் உடைசல்களைப் பார்த்தவர்கள், ரோமில் உள்ள தெஸ்தாச்சோ குன்றையும் பார்க்கலாம். ஆந்தலூசியாவிலிருந்து ஆலிவ் எண்ணெய் ஏற்றிவந்த சாடிகளை உடைத்துக் கொட்டியதாலேயே எழுந்த குன்று அது.

மக்கள் எப்படிப் பழகுகிறார்கள்? ஆங்கிலம் போதுமா?

கடைக்குள் நுழைந்ததும் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் எதையும் கேட்க வேண்டும். சொல்லாமல் பொருளைத் தொடுவது முரட்டுத்தனமாகக் கருதப்படும். சுற்றுலா இடங்களில் ஆங்கிலம் போதும், துனிசியாவில் பிரெஞ்சு உதவும். கிரேக்கத்திலும் துருக்கியிலும் தலையை மேல்நோக்கி உயர்த்தி நாக்கால் ஒலியெழுப்பினால் இல்லை என்று பொருள். நாம் சம்மதத்துக்குத் தலையை இருபுறமும் ஆட்டுவது அவர்களுக்குப் புரியாது, வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். துருக்கிக் கடைக்காரர் தரும் தேநீரை வாங்கிக் குடிப்பதால் பொருள் வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

எதைத் தவிர்க்கலாம்?

ஆகஸ்டில் சாந்தோரினியைத் தவிர்க்கலாம். பெரும் உல்லாசக் கப்பல்கள் வந்து நிற்கும் நாட்களில் அந்தத் தீவின் குறுகிய பாதைகளில் நகரவே முடியாது. விவசாயமும் மலைக்கிராமங்களும் நீண்ட மணற்கரையும் உள்ள நக்சோஸ் தீவில் அதே பணத்துக்கு இரு மடங்கு நாட்கள் தங்கலாம். வெனிஸுக்குப் பகலில் மட்டும் போய்த் திரும்புவதையும் தவிர்ப்பேன். நெரிசலான நாட்களில் பகல்நேரப் பயணிகளுக்கு நுழைவுக் கட்டணம் வசூலிக்கும் முறை 2024இலிருந்து இருக்கிறது. ஓர் இரவு தங்கினால், கூட்டம் வடிந்த பிறகான நகரம் கிடைக்கும்.

வாடகைக் கார் ஓட்டலாமா?

சிசிலி, கிரீட், ஆந்தலூசியாவின் மலைக்கிராமங்களுக்குக் கார் பயன்படும். ஊரிலிருந்தே பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். மால்ட்டாவிலும் சைப்ரஸிலும் மட்டும் நம்மைப்போல இடப்பக்கம். இத்தாலிய நகர மையங்களில் உள்ளூர் வாகனங்களுக்கு மட்டும் அனுமதியுள்ள பகுதிகளைக் கேமராக்கள் கண்காணிக்கின்றன. தெரியாமல் நுழைந்தாலும் அபராதச் சீட்டு சில மாதங்கள் கழித்து வீட்டுக்கே வரும். காரை நகருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்து போங்கள்.

என்ன வாங்கி வரலாம்?

தகர டப்பாவில் அடைத்த ஆலிவ் எண்ணெய், துனிசிய ஹரிசா, கியோஸ் தீவின் மாஸ்டிக் பிசின், பாந்தெல்லேரியாத் தீவின் உப்பிட்ட கேப்பர் மொட்டு ஆகியவை கெடாமல் வந்து சேரும். எண்ணெயைச் சரக்குப் பெட்டியில்தான் வைக்க வேண்டும். தெருவில் யாராவது பழங்கால நாணயம் என்று எதையாவது நீட்டினால் கையால்கூடத் தொடாதீர்கள், ஏனெனில் துருக்கியிலும் கிரேக்கத்திலும் தொல்பொருளை எடுத்துச் செல்வது கடுங்குற்றம். சர்தீனியாவின் கடற்கரைகளிலிருந்து மணலோ கூழாங்கல்லோ கிளிஞ்சலோ எடுத்தால் 500 முதல் 3,000 யூரோ வரை அபராதம் விதிக்கிறார்கள். பிள்ளைகளின் பைகளையும் கடற்கரையிலிருந்து கிளம்பும்போதே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.